சாட்சிக் கோடு

எங்கள் ஆய்வகத்துக்குக் குழந்தைகள் வருவதில்லை. அவர்களுடைய குதிகால் ரத்தம் மட்டும்தான் வரும். பிறந்த பிள்ளையின் குதிகாலில் சின்னதாகக் குத்தி, தடித்த காகித அட்டையில் இருக்கும் வட்டங்களில் ஒவ்வொன்றாகச் சொட்டவிட்டு, காயவைத்து, உறையில் போட்டு அனுப்புவார்கள். ஓமானின் தெற்கே சலாலாவிலிருந்தும் வரும், கிழக்கே சூரிலிருந்தும் வரும், கழுதைகூட ஏற யோசிக்கும் மலையூர்களிலிருந்தும் வரும். காய்ந்த பிறகு எல்லாப் பிள்ளையின் ரத்தமும் ஒரே காப்பிக் கறைதான். ஷேக் வீட்டுப் பிள்ளையா, மீன்காரன் வீட்டுப் பிள்ளையா என்று அதைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கறைக்குள்ளிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து வெளியே எடுப்பது என் வேலை. பெயர் ரய்யா. எனக்கு வாய் நீளம் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள், ஆகவே உண்மையாக இருக்கலாம்.

அன்று காலை ஓர் அட்டையை டாக்டர் முன்தர் தன் கையாலேயே கொண்டுவந்தார். எங்கள் பிரிவின் தலைவர் அவர்தான். வயது என்னைவிடக் குறைவு, படிப்பு என்னைவிட அதிகம், சாப்பாடு மட்டும் பள்ளிப் பையன் சாப்பாடு. ரகால் என்கிற மெல்லிய ரொட்டிக்குள் சீஸும் நொறுக்கிய சிப்ஸும் வைத்துச் சுருட்டித் தின்றுகொண்டே நடப்பார். ஆய்வகத்துக்குள் ரொட்டியோடு வரக்கூடாது என்று நான் போட்ட சட்டத்துக்குப் பயந்து வாசலிலேயே நின்றார்.

"ரய்யாக்கா, இதை முதல்ல போடுங்க. இன்னும் பேர் வைக்கலை, அம்மா பேரை வச்சு மௌஸாவின் மகள்னுதான் எழுதியிருக்கு. மூத்தது பையன். போயிட்டான்."

"எதுல?"

"தசை தளர்ச்சி."

அந்த நோய் உள்ள பிள்ளை பிறக்கும்போது பெரும்பாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு கால் ஓயும், கை ஓயும், கடைசியில் மூச்சை இழுக்கிற தசையும் ஓயும். இப்போது மருந்து வந்துவிட்டது. ஆனால் அது ஓய்ந்துபோனதை எழுப்புகிற மருந்தில்லை, ஓயாமல் இருப்பதைக் காப்பாற்றுகிற மருந்து. முந்திக்கொண்டால் பிள்ளை நடக்கும். தாமதித்தால் தாமதித்த அளவுக்கு அதன் கைகாலிலிருந்து பலம் போய்க்கொண்டேயிருக்கும். மூத்தவன் பிறந்தபோது இந்தப் பரிசோதனையே எங்களிடம் கிடையாது. இவள் நேரம் பார்த்துத்தான் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஞ்ச் கருவியை எடுத்தேன்.

வேலை பார்க்கச் சுலபமானது. அட்டையில் ரத்தம் ஊறிய இடத்தில் பஞ்ச் கருவியை அழுத்தினால் மிளகு அளவு வட்டத் துண்டு ஒன்று டியூபுக்குள் விழும். அதைக் கழுவி, மறுபடி கழுவி, சிவப்பெல்லாம் போன பிறகு புதுக் கரைசலில் போட்டுச் சூடேற்ற வேண்டும். அப்போது காகித நாருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் டி.என்.ஏ. தண்ணீருக்கு வந்துவிடும். அதைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் உறிஞ்சி மெஷினில் வைப்பேன்.

மெஷினின் திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கோடுகள். ஒன்று, எல்லா மனிதரிடமும் இருக்கிற ஒரு மரபணுவுக்கானது. டி.என்.ஏ. பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று அது சொல்லும், அதை நான் சாட்சிக் கோடு என்பேன். மற்றது நாங்கள் தேடுகிற மரபணுவின் கோடு. இரண்டும் எழுந்தால் பிள்ளைக்கு நோயில்லை. சாட்சி எழுந்து மற்றது படுத்தே கிடந்தால் நோய்.

மௌஸாவின் மகளுக்கு இரண்டுமே படுத்துக் கிடந்தன. சாட்சியே ஊமையாக நிற்கும்போது எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

"கை நடுங்கிடுச்சா அக்கா?" என்றார் முன்தர்.

"நடுங்கியிருந்தா பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கும்தான் வந்திருக்காது. பாருங்க, எல்லாம் எழுந்து நிக்குது."

மறுபடி ஒரு துண்டு எடுத்து, மறுபடி கழுவி, மறுபடி வைத்தேன். மறுபடியும் இரண்டும் எழவில்லை. மற்ற பரிசோதனைகளுக்குப் போனது போக அட்டையில் கடைசி வட்டம் ஒன்றுதான் மிச்சம். அதையும் வீணாக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. புது ரத்தம் கேட்பதுதான் ஒரே வழி என்றார் முன்தர். பிள்ளையின் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று போனை எடுத்தேன்.

இப்ரா நகரையும் தாண்டி, மழை பெய்தால் மட்டும் ஓடும் வாதி ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அப்பாவின் பெயர் கல்ஃபான். எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பு முடிவதற்குள் ஊற்றிய கஹ்வா காப்பி ஆறிப்போகும். பிள்ளை எப்படி, பால் குடிக்கிறாளா, தாய் எப்படி, ஆடுகள் எப்படி என்று நானும் முறை தவறாமல் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"தம்பி, அனுப்பின ரத்தத்துல ஒண்ணும் தெரியலை. இன்னொரு தடவை எடுக்கணும்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"இன்னொரு தடவை குத்த வேணாம். ஒரு தடவை குடுத்தாச்சுல்ல."

"குடுத்தது வேலைக்கு ஆகலைன்னுதானே சொல்றேன். குதிகால்ல ஒரு குத்து, பிள்ளை கொஞ்சம் அழும், ஒரு வாய் பால் குடிச்சா மறந்துடும்."

"வேணாம் டாக்டரம்மா."

"நான் டாக்டரம்மா இல்ல. டாக்டரம்மாவா இருந்தா இன்னும் கோவமா பேசுவேன். ஒரு பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு, இருக்கிற பிள்ளைகிட்டயும் வீம்பு காட்டுறியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?"

அவன், "நீங்களும் அப்படித்தான் பேசுறீங்க," என்றான். போனை வைத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முன்தரிடம் போய், மலைக்காரர்களின் பிடிவாதத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். நானும் மலைக்காரிதான் என்பதை அவர் மரியாதைக்கு நினைவுபடுத்தாமல் இருந்தார். ஆனால் திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்ததும் அந்த ஒரு வார்த்தை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நீங்களும். அப்படியென்றால் எனக்கு முன்னால் யார்?

மேஜையில் கழுவிப் போட்ட டியூப் அப்படியே இருந்தது. குப்பையில் போடக் கையில் எடுத்தேன். உள்ளே அந்த மிளகளவு துண்டு. நன்றாகக் கழுவினால் இந்தத் துண்டு வெளுத்துவிடும், வெள்ளைக் கோழியிறகு நிறத்துக்கு வந்துவிடும். இது வெளுக்கவில்லை. ஓரமெல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தது. ரத்தத்தின் சிவப்பு அப்படி இருக்காது. டியூபை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அதை என் நகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருநாளுக்கு வைத்த மருதாணி என் நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது.

இரண்டும் ஒரே நிறம்.

மருதாணிச் சாயம் டி.என்.ஏ.வோடு கலந்து மெஷினுக்குள் போய்விட்டால் அங்கே நடக்க வேண்டிய வேலை நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்கு மருதாணி வைக்காதீர்கள் என்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போஸ்டர் ஒட்டியிருப்பதும் தெரியும். சில பிள்ளைகளுக்கு மருதாணி பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும். அதனால்தான் அந்தத் தடை. தடை போட்டால் ஜனங்கள் மருதாணியை விட்டுவிடுவார்கள் என்று போஸ்டர் ஒட்டியவர்கள் நினைத்தார்கள். ஜனங்கள் மருதாணியை விடவில்லை, காலுறை வாங்கினார்கள்.

"சரி, வச்சுட்டாங்க," என்றார் முன்தர். "அதைச் சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்கு ரத்தமே குடுக்க மாட்டேங்கணும்?"

"ரெண்டாவது தடவை குத்தணும்னா காலுறையைக் கழட்டணும். கழட்டினா திட்டுவோம். நம்மகிட்ட வர்றவங்களுக்கு நோயைவிட நம்ம வாய்தான் பயம் டாக்டர்."

"உங்க வாய் அக்கா. என்னைச் சேர்க்காதீங்க."

நியாயம்தான். நான் மறுபடி போன் செய்தேன். இந்த முறை ஆடுகளை விசாரிக்கவில்லை.

"தம்பி, வச்சுடாதே. என் நகத்துலயும் மருதாணி இருக்கு. எங்க ஊர்ல நான் பிறந்தப்ப என் காலுக்கும் வச்சாங்க. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிள்ளை குதிகால்ல வச்சிருக்கா?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவளைத் திட்ட மாட்டீங்களே?"

அவ்வளவுதான். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மாட்டேன்," என்றேன்.

"மூத்தவன் மூச்சுக்குத் திணறினப்ப ஆஸ்பத்திரியில ஒருத்தங்க அவ மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. சொந்தத்துக்குள்ள கட்டினா இப்படித்தான், இவ்வளவு நாள் நீ என்னத்தைப் பார்த்துட்டு இருந்தேன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன், என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அன்னிலேர்ந்து அவ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுறதில்ல. இந்தக் காலைப் பார்த்தா என்ன சொல்வாங்க? அதான் வேணாம்னேன். எனக்கென்ன, பிள்ளை மேல ஆசை இல்லையா?"

பின்னால் ஒரு பெண்குரல், "இங்க குடுங்க, நான் பேசுறேன்," என்றது. போன் கைமாறியது.

"அக்கா, நான்தான் வச்சேன். அவரு இல்ல." மௌஸாவின் குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "மூத்தவன் ஹுமைதுக்கு நான் வைக்கலை. வேணாம்னு போஸ்டர்ல போட்டிருந்துச்சு, கேட்டுக்கிட்டேன். உள்ளங்கால்ல மருதாணி ஏறினா கால் உறுதிப்படும்னு எங்க பக்கம் சொல்வாங்க. அவன் வயித்துக்குள்ள இருந்தப்பவே சரியா உதைக்கலை. பிறந்தும் ஒரு நாள் காலைத் தூக்கலை. அப்ப வச்சிருந்தா... அதான் இவளுக்கு வச்சேன். நீங்க சொன்னதைக் கேட்டும் அவன் போயிட்டான்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மேஜையில் இருந்த காகிதத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ரத்தம் எடுத்த நர்ஸ் பாக்கலையா?"

"தய்பா என் பெரியம்மா மக. பார்த்தா. துணியை நனைச்சு அவளால முடிஞ்சவரைக்கும் துடைச்சா. நான் ஒண்ணும் பாக்கலை, நீ அழாதேன்னா."

தய்பா நல்லவள். கல்ஃபானும் நல்லவன். இப்படி நல்லவர்களாகச் சேர்ந்து ஆளுக்கொரு மூலையாக மூடிவைத்ததில் பிள்ளையின் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இதில் யாரைத் திட்டுவது? நான் யாரையும் திட்டவில்லை. என் கணவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

"நீ பிள்ளையைத் தூக்கிட்டு மஸ்கட்டுக்கு வா. கையிலேர்ந்து ரத்தம் எடுத்துக்கலாம். நான் கூட நிக்கிறேன். எவளாவது வாயைத் திறந்தா நான் பதில் சொல்லிக்கிறேன், எனக்கு வேற என்ன வேலை."

"வர முடியாது அக்கா. மேல மழை. வாதியில வெள்ளம் ஓடுது. வண்டி இந்தக் கரையிலயே நிக்குது."

வெள்ளம் வடிய எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. நான் கடைசி வட்டத்தை எடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு வழி இருந்தது. நர்ஸ் வட்டங்களை முதலிலிருந்து வரிசையாகத்தான் நிரப்புவாள். முதலில் வருகிற சொட்டுகள்தான் தோலில் இருக்கும் சாயத்தை அள்ளிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு வருவது வரவரச் சுத்தம். கடைசி வட்டத்திலும் ஓரத்தைவிட நடுப்பகுதி சுத்தம். அந்த நடுப்பகுதியில் பஞ்ச் கருவியை வைத்து அழுத்தினேன். வழக்கத்துக்கு மேல் கழுவினேன். முன்தர் ரொட்டியை எங்கோ வைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். சூடேற்றி, சுழற்றி, தெளிந்ததை எடுத்த பிறகு அதில் தண்ணீர் கலந்தேன், பால்காரன் கலப்பதைப்போலத் தாராளமாக. தண்ணீர் கலந்தால் மிச்சமிருக்கும் சாயமும் நீர்த்துப்போகும், டி.என்.ஏ.வும் நீர்த்துப்போகும். எது முதலில் தோற்கும் என்பதுதான் கேள்வி.

மெஷின் ஓட ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மௌஸாவின் மகளுடையது எழவில்லை. முன்தர் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை. ரொம்பத் தாமதமாக, சோம்பேறி எழுந்திருப்பதுபோல, ஒரு கோடு தலையைத் தூக்கியது. சாட்சிக் கோடு.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

சொல்லிவிட்டு மற்ற கோட்டுக்காகக் காத்திருந்தேன். அதுவும் தாமதமாக வரும் என்று இருந்தேன். மெஷின் நின்றது. அது வரவேயில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தோண்டித் துருவி உண்மையை வெளியே கொண்டுவந்தது நான்தான். அது இப்படி வரலாம் என்று தெரிந்திருந்தும், வந்தபோது தாங்கவில்லை.

"அக்கா," என்றார் முன்தர். "கால் ஓயறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதுக்கா. அந்தப் பையனுக்கு இது கிடைக்கலை."

அவர் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் பேசி மருந்துக்கு ஏற்பாடு செய்தார். புது ரத்தத்தில் ஒருமுறை உறுதி செய்துகொண்டு உடனே தொடங்கிவிடலாம் என்றார்கள். கல்ஃபானிடமும் அவரே பேசினார். அதை நான் செய்திருக்க முடியாது.

வெள்ளம் வடிந்ததும் வந்துவிட்டார்கள். ஆய்வகத்தில் இருப்பவள் நோயாளியைப் பார்க்கப் போகிற வழக்கம் கிடையாது. நான் போனேன். வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? ஆஸ்பத்திரி வாசல்படிக்கு வெளியே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மௌஸா நின்றிருந்தாள். கல்ஃபான் கையில் கஹ்வா பிளாஸ்கோடு பக்கத்தில். நான் அவள் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ரத்தம் எடுத்து முடித்தார்கள், முழங்கையிலிருந்து. புதுப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. டாக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போன பிறகு நான் பிள்ளையின் காலுறையைக் கழற்றினேன். குதிகால் இரண்டும் புண்ணாகிச் சிவந்திருந்தன.

"என்னடி இது?"

"எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன்," என்றாள். "போகவே மாட்டேங்குது."

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "மருதாணி வச்சதாலயாக்கா இவளுக்கு வந்துச்சு?"

"இல்ல."

"நிஜமாவா?"

"நீ வச்சதால வரலை மௌஸா. உன்கிட்ட இருந்தும் கல்ஃபான்கிட்ட இருந்தும் வந்தது, நீங்க பிறந்தப்பவே உங்களுக்குள்ள இருந்தது, ரெண்டு பேருக்குமே தெரியாது. இவளுக்கு வச்சதால வரலை. ஹுமைதுக்கு வைக்காததாலயும் வரலை."

அதுவரை அழாதவள் அந்தக் கடைசி வார்த்தைக்கு அழுதாள். வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது இவளுக்கு வைத்த மருதாணியை அல்ல, அவனுக்கு வைக்காத மருதாணியை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்ஃபான் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கைவைத்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எங்கள் ஆண்கள் செய்கிற காரியமில்லை அது.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையின் குதிகாலுக்குக் களிம்பு தடவ ஆரம்பித்தேன். "மருதாணி தானா போகும், இனிமே தேய்ச்சேன்னா உன் கையைத் தேய்ப்பேன்," என்று மௌஸாவை அதட்டினேன். களிம்பு சில்லென்று பட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்து, காலை இழுத்து, என் உள்ளங்கையில் ஓர் உதை விட்டாள்.

கல்ஃபான் குனிந்து பார்த்தான். "உதைச்சாளா?"

"உதைச்சா."

"பலமாவா?"

அவ்வளவு பெரிய ஆள், தன் பிள்ளையின் காலைத் தானே பார்த்துவிட்டும், என் வாயால் கேட்க நின்றுகொண்டிருந்தான்.

"வலிக்குது தம்பி," என்றேன்.